சூளகிரி ஏற்றமும் ஒரு மீன்தொட்டி டியூப்பும்

வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டி ஓசூர் பக்கம் ஏறும்போது வண்டி முதல்முறையாக மக்கர் பண்ணியது. பின்னால் பதினோரு பேர், அவர்களுடைய பைகள், இரண்டு கேன் மாதாகோயில் தண்ணீர், எல்லாமே நல்ல தூக்கத்தில். டிரைவர் அண்ணன் ஐந்தாம் கியரிலிருந்து நான்கு, மூன்று என்று இறக்கிக்கொண்டே வந்தார். ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தும் முள் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. கம்பி ஏற்றிய லாரி ஒன்று எங்களை நிதானமாக ஓவர்டேக் எடுத்துப் போனது. அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"தம்பி, வண்டி இழுக்க மாட்டேங்குது. பின்னாடி யாரோ கயிறு கட்டிப் புடிச்சிருக்காப்புல இருக்கு."

சூளகிரி பக்கம் ஒரு டீக்கடையில் ஓரம் கட்டினோம். டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி சீறிக்கொண்டு கிளம்பியது. பெங்களூரு அல்சூர் வந்து சேரும்வரை எந்தத் தொந்தரவும் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சளாக அந்த எஞ்சின் படம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வண்டி பற்றி இரண்டு வரி. பன்னிரண்டு சீட் டீசல் வேன், காமன் ரெயில் எஞ்சின், இரண்டாவது கையாக வாங்கியது. வாரநாளில் ஒயிட்ஃபீல்டுக்கு ஸ்டாஃப் டிரிப், சனி ஞாயிறில் கோயில் டிரிப். கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை. எந்தக் கம்பெனி வேனாக இருந்தாலும் இந்தக் கதை கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்திருக்கும்.

நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினால் சரியாவது டீசல் வண்டிக்காரர்களுக்குப் பழகிய விஷயம். எஞ்சினின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் இவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று கேட்கிறது. வரவேண்டிய அழுத்தம் சில நொடிக்கு மேல் வராவிட்டால் பயந்துபோய் டீசலைக் குறைத்து, எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவையும் கைவிட்டுவிட்டு, எப்படியோ வீடு போய்ச் சேர் என்கிற நிலைக்கு வண்டியைத் தள்ளிவிடும். லிம்ப் மோட் என்பார்கள், நொண்டி நடை. சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் பழையதை மறந்து மறுபடி நம்பிக்கையோடு ஆரம்பிக்கும். ஏற்றம் வந்தால் மறுபடி நொண்டும். பல டிரைவர்கள் இப்படியே ஆறு மாதம் ஓட்டிவிடுவார்கள். எங்கள் அண்ணனும் ஓட்டியிருப்பார், அந்த லாரி மட்டும் முந்தாமல் இருந்திருந்தால்.

முதலில் போனது ஓசூர் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு. பையன் ஸ்கேனரைச் சொருகினான். பி 0299. டர்போ அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டு, டர்போவின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். ஆடியது. விரலை எடுத்தால் லேசாக ஆயில் ஒட்டியிருந்தது.

"டர்போ போயிடுச்சு சார். புதுசு நாப்பத்தெட்டாயிரம், லேபர் தனி. ரீகண்டிஷன் போட்டா பாதி."

அப்போது எனக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். டர்போவின் தண்டு பேரிங்குக்குள் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அதனால் ஆயில் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் நிற்கும்போது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரத்தின் இதழ் சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அந்த ஆயில் ஈரமும் அப்படித்தான். எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக ஆயில் ஆவி காற்றுப் பாதைக்குள்தான் வந்து கலக்கிறது, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் விரலில் ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டர்போ சீல் போயிருந்தால் நீலப் புகை வரும், ஆயில் அளவு இறங்கும். எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை.

பணம் இல்லாததால் மட்டுமே நான் அன்று டர்போ மாற்றவில்லை. இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்காரர் கொஞ்சம் படித்தவர். டர்போவைத் தொடவே இல்லை. காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் வேக்கம் பம்பில் ஒரு கேஜ் மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். முள் 24.5-ல் போய் நின்றது. சுவரில் ஒட்டியிருந்த ஓர் அட்டவணையைக் காட்டினார். 27-க்குக் குறைந்தால் பம்ப் மாற்றவேண்டும் என்று அதில் இருந்தது. "பம்ப் வீக் சார், அதான் டர்போவுக்கு இழுவை பத்தலை." பம்ப் பதினாறாயிரம்.

பம்புக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்தான் விளக்கினார், நன்றாகவே விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

டர்போ என்பது ஒரே தண்டில் இரண்டு சக்கரம். எஞ்சினிலிருந்து வெளியே போகும் சூடான புகை ஒன்றைச் சுழற்றும். மற்றொன்று அந்த வேகத்தில் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு, சக்கரத்துக்கு வேகம் பற்றாது. அதற்காகச் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். வாசல் தெளிக்கும்போது ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சும் இல்லையா, அதே வேலை. தகடு நெருங்கினால் புகை பீய்ச்சியடித்து சக்கரம் வேகமெடுக்கும், விரிந்தால் அடங்கும். இந்தத் தகடுகளை ஒரு கம்பி அசைக்கிறது. கம்பியை இழுப்பது ஆக்சுவேட்டர் என்று ஒரு தகர டப்பா, உள்ளே ரப்பர் சவ்வு. சவ்வை இழுப்பது வேக்கம்.

பெட்ரோல் வண்டியில் காற்றுவழிக் கதவான த்ராட்டில் பாதி மூடியிருப்பதால் எஞ்சின் உறிஞ்சும்போதே வேக்கம் கிடைத்துவிடும். டீசலில் காற்றுவழி பெரும்பாலும் திறந்தே கிடக்கும், அதனால் தனியாக ஒரு பம்ப் தேவை. அந்த ஒரு பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும், எங்கள் வண்டியில் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே விடும் ஈஜிஆர் வால்வுக்கும், டர்போவுக்கும் படியளக்கிறது. நடுவில் சோலனாய்ட் என்று மின்சாரத்தில் இயங்கும் ஒரு வால்வு. அதற்கு மூன்று மூக்கு: ஒன்று பம்பிலிருந்து, ஒன்று டர்போவுக்கு, ஒன்று வெளிக்காற்றுக்கு. கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு வேக்கத்தையும் வெளிக்காற்றையும் கலந்து டர்போவுக்கு அனுப்பும். இத்தனையையும் இணைப்பது பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் ஹோஸ்கள். வேக்கம் வராவிட்டால் தகடு விரிந்தே நிற்கும், அழுத்தம் குறையும், பி 0299 வரும். வேக்கம் லீக் ஆனாலும் இதேதான்.

எல்லா வண்டிக்கும் இதைப் பொருத்திப் பார்க்காதீர்கள். பழைய மாதிரி டர்போக்களில் ஆக்சுவேட்டர் வேக்கத்தில் ஓடாது, டர்போ தருகிற அழுத்தத்திலேயே ஓடும். அளவு மீறினால் அந்த அழுத்தமே ஒரு கதவைத் திறந்து புகையை வெளியே விட்டுவிடும். அங்கே ஹோஸ் கிழிந்தால் கதவு திறக்காது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், பி 0234 வரும். ஒரே மாதிரி கிழிசல், ஒரு வண்டியில் குறைவு, இன்னொரு வண்டியில் அதிகம். தன் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் அடுத்தவன் சொன்ன வைத்தியத்தைச் செய்தால் காசுதான் போகும்.

பம்புக்குப் பதினாறாயிரம் புரட்ட ஒரு வாரம் ஆகும் போலிருந்தது. அதற்குள் டிரைவர் அண்ணன் லிங்கராஜபுரத்தில் தனக்குத் தெரிந்த பாயிடம் ஒருமுறை காட்டலாம் என்றார். வாணியம்பாடிக்காரர். முப்பது வருடமாக இந்த ஊரில் டீசல் வண்டி மட்டும் பார்க்கிறார். ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு வேப்பமரம், ஒரு தகர ஷெட், ஒரு பெஞ்ச். உருதும் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும்.

பம்ப் 24.5 காட்டியது, 27 வேண்டுமாம் என்றேன். பாய் சிரித்தார்.

"இந்த ஊர்ல இருபத்தேழு எப்படி சார் வரும்? சென்னைக்கு எடுத்துட்டுப் போங்க, வரும்."

எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. வேக்கம் கேஜ் காட்டுவது, வெளிக்காற்றோடு ஒப்பிட்டால் உள்ளே எவ்வளவு குறைவு என்பதை. அளவு பாதரச அங்குலத்தில். கடலோரத்தில் வெளிக்காற்றின் எடை கிட்டத்தட்ட 30 அங்குலம், அதனால் பம்ப் எவ்வளவு நல்லதானாலும் 30-ஐத் தாண்ட முடியாது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே வெளிக்காற்றே சுமார் 27 அங்குலம்தான். அந்த அட்டவணைப்படி 27 வரவேண்டும் என்றால் ஒரு துளிக் காற்றுகூட மிச்சமில்லாமல் உறிஞ்ச வேண்டும். 24.5 காட்டிய என் பம்ப் உண்மையில் நன்றாக இருந்தது. அட்டவணை எழுதியவர் கடலோரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஸ்கேனரிலும் இதே விஷயத்தைப் பாய் காட்டினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார். 91 கிலோபாஸ்கல். எஞ்சின் ஓடாதபோது அங்கே இருப்பது வெறும் வெளிக்காற்று, அதனால் அந்த நேரத்தில் சென்சார் ஊருக்கான காற்றழுத்தத்தைக் காட்டவேண்டும். கடலோரத்தில் 101, நம் ஊரில் 91 வாக்கில். "ஒருத்தன் இதைப் பாத்துட்டு நூறு வரலைன்னு சென்சாரையே மாத்திட்டான் சார். புது சென்சாரும் தொண்ணூத்தொண்ணுதான் காட்டுச்சு. அதையும் மாத்தினான்."

உயரத்தில் காற்று மெலிவது எஞ்சின்காரர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தலைவலிதான். டர்போவுக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதை உலகம் சீரியஸாக எடுத்துக்கொண்டது விமானத்தால்தான். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் இருக்கும் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். டர்போ இல்லாமல் அங்கே மூச்சு வாங்கிய எஞ்சின், டர்போ மாட்டியதும் கீழே தரும் சக்தியை உச்சியிலும் தந்தது. நான் இதைப் படித்தது பிறகுதான், ஆனால் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மலை இல்லை, சூளகிரி.

சரி, பாய் என்ன செய்தார்?

முதலில் எஞ்சின் அணைந்த நிலையில் பிரேக்கை நாலைந்து முறை அழுத்தச் சொன்னார். பெடல் கல்லாக இறுகியது. அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பெடல் இறங்கியது, ஆனால் மெதுவாக, சலித்துக்கொண்டு இறங்குகிற மாதிரி. "பம்பு நல்லா இருக்கு, பாதியை வேற யாரோ திங்கிறான்," என்றார். இந்தச் சோதனைக்குக் காசே வேண்டாம், வீட்டு வாசலிலேயே செய்யலாம். பெடல் இறங்கவே இல்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். டர்போ இல்லாமல் ஊர் வந்து சேரலாம், பிரேக் இல்லாமல் முடியாது.

அப்புறம் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் பண்ண, அணைக்க, மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அவர் கண் டர்போவின் கம்பியிலேயே இருந்தது. ஸ்டார்ட் ஆனதும் கம்பி டக்கென்று உள்ளே இழுபட வேண்டும், அணைத்ததும் வெளியே வரவேண்டும். எங்கள் கம்பி பாதி தூரம் போய் நின்றது.

கம்பி பாதியில் நின்றால் மூன்று பேர் மேல் சந்தேகம். உள்ளே தகடுகள் கரி பிடித்து இறுகியிருக்கலாம், ஆக்சுவேட்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம், இழுக்கும் வேக்கமே வந்து சேராமல் இருக்கலாம். முதல் இரண்டையும் பிரிக்கப் பாய் ஒரு கை பம்ப் எடுத்தார், துப்பாக்கி மாதிரி பிடியும் மேலே ஒரு கேஜும் இருக்கும். ஆக்சுவேட்டரின் ஹோஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டி மெதுவாக அழுத்தினார். ஐந்தாறில் கம்பி அசைய ஆரம்பித்தது, பதினாறு வாக்கில் கடைசிவரை போய்விட்டது, நடுவில் எங்கேயும் தடுக்கவில்லை. கையை எடுத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். பீடி முடியும்வரை முள் இறங்கவில்லை. "டப்பா ஓகே, டர்போ ஓகே. நாப்பத்தெட்டாயிரம் மிச்சம் சார்."

மிச்சமிருந்தது ஹோஸ்தான். அதைத் தேடிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எஞ்சினை ஓடவிட்டு, பம்பின் வாயில் ஒரு டி ஜாயிண்ட் போட்டு கேஜ் மாட்டினார். முள் 19-ல் நின்றது. பம்பை மட்டும் தனியாகப் பார்த்தால் 24.5, எல்லாவற்றோடும் சேர்த்தால் 19. பிறகு மூக்கு பிளையரில் துணி சுற்றிக்கொண்டு ஒவ்வொரு ஹோஸாக நசுக்கினார். பிரேக் ஹோஸை நசுக்கினார், முள் அசையவில்லை. ஈஜிஆர் பக்கம், அசையவில்லை. டர்போ பக்கம் சோலனாய்டுக்குப் போகும் ஹோஸை நசுக்கியதும் முள் துள்ளி 24-க்குப் போனது. விட்டால் 19. நசுக்கினால் 24. "இந்தத் தெருவுலதான் திருடன் இருக்கான்."

அந்தத் தெருவில் மூன்று வீடு. சோலனாய்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டி, அதில் வந்து ஏறும் ஹோஸ் மேலே பார்க்க வழவழவென்று நன்றாகவே இருந்தது. பாய் அதை லேசாக வளைத்தார். கீழ்ப்பக்கம், ஜாயிண்டின் உதட்டை ஒட்டி, அரிசி நீளத்துக்கு ஒரு பிளவு வாயைத் திறந்தது. வளைவை விட்டால் மூடிக்கொண்டது. சுற்றிலும் காய்ந்த ஏரி மண் மாதிரி நுண்ணிய வெடிப்புகள். எஞ்சின் அதிரும்போது திறந்து, ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் சாயும்போது இன்னும் விரியும் பிளவு அது. மேலோட்டமாகப் பார்த்த இரண்டு ஒர்க்‌ஷாப்புக்கும் அது தெரியாமல் போனதில் பெரிய தப்பில்லை. ஆனால் ஒருவராவது வளைத்துப் பார்த்திருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் வண்டியில் லீக் தேட கார்புரேட்டர் கிளீனரை ஸ்ப்ரே பண்ணி எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். டீசலில் அந்தப் பழக்கம் வேண்டாம். இந்த வேக்கம் போவது பம்புக்கு, எஞ்சினின் காற்றுப்பாதைக்கு இல்லை, அதனால் சத்தம் எதுவும் மாறாது. தவறிப்போய் ஸ்ப்ரே டர்போவின் முன்பக்கம் உறிஞ்சப்பட்டால் எஞ்சின் தானாக எகிறும்.

பாய் ஹோஸை மாற்றினார், எனக்கு ஆன செலவு அறுநூறு ரூபாய். அதில் ஹோஸ் எண்பது ரூபாய்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஹென்னூர் வரை போய்வந்தார். இழுவை வந்துவிட்டது, ஆனால் மேலே ஏறும்போது லேசாக உஸ்ஸென்று சத்தம், கண்ணாடியில் கறும்புகை என்றார். பாய்க்கு அது ஆச்சரியமாக இல்லை. இத்தனை நாள் டர்போ அரைவேலை செய்ததால் மறைந்திருந்த இன்னொரு ஓட்டை, இப்போது முழு அழுத்தம் வந்ததும் வெளியே வந்திருக்கிறது. வேக்கம் லீக் உள்ளே இழுக்கும், இது வெளியே துப்பும். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தடிமனான ஹோஸில் எங்கேயோ. காற்றை அளக்கும் சென்சார் ஓட்டைக்கு முன்னாலேயே இருப்பதால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. இல்லாத காற்றுக்கும் சேர்த்து டீசல் விடும், அதுதான் கறும்புகை.

இதற்கான கருவியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிளம்பிங் கடை பிவிசி மூடி ஒன்று, அதில் துளை போட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வு. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு டர்போ வாயில் இந்த மூடியை மாட்டி கிளாம்ப் இறுக்கினார். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்று. வண்டி டயருக்கு ஐம்பது அறுபது போடும் அதே காம்பரசரில் இதற்கு வெறும் 8. அதற்கு மேல் போகக்கூடாது, மூடி பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும், எதிரே நிற்கவும் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீர். இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், பிராக்கெட் உரசிய இடத்தில், குழந்தை வாயிலிருந்து வருகிற மாதிரி சின்னச் சின்ன குமிழி. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் பக்கமும் கொஞ்சம் காற்று வந்தது, அது இருக்கும், அதைத் துரத்திக்கொண்டு போகவேண்டாம் என்றார். ஜே.சி. ரோட்டில் புது ஹோஸ் கிடைத்தது. வண்டி பழையபடி ஆனது.

இப்போது என் பங்கு வருகிறது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயிடம் கற்ற வித்தையோடு நானே பானெட்டைத் திறந்தேன். சோலனாய்டிலிருந்து டர்போ வரை போகும் ஹோஸை வளைத்துப் பார்த்தேன். நுண்ணிய வெடிப்பு. எனக்குள் ஒரு மெக்கானிக் எழுந்தான். ஞாயிறு, கடை இல்லை. வீட்டில் மகளின் மீன்தொட்டிக்கு வாங்கி மிஞ்சிய டியூப் ஒரு சுருள் கிடந்தது. பளபளவென்று கண்ணாடி மாதிரி, அளவும் அச்சாகப் பொருந்தியது. மாட்டினேன், கேஜ் வைத்துப் பார்த்தேன், 24.5. யாரிடமும் சொல்லவில்லை. பெருமையை மட்டும் இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் வண்டி மறுபடி நொண்டியது. பி 0299. பாயிடம் போனால் எல்லாச் சோதனையும் பாஸ். பிரேக் பெடல் சரி, கம்பி டக்கென்று போகிறது, பம்ப் 24.5, எந்த ஹோஸை நசுக்கினாலும் முள் அசையவில்லை. லீக்கே இல்லை. மறுநாள் ஒயிட்ஃபீல்டு டிரிப்பில் மறுபடி நொண்டல்.

"குளிர்ந்த வண்டியில தேடிட்டு இருக்கோம் சார்," என்றார் பாய். ஆக்சுவேட்டர் பக்கத்தில் டி போட்டு ஒரு நீள ஹோஸை பானெட் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, கேஜை டேஷ்போர்டில் டேப் அடித்து ஒட்டினார். பின்னால் பத்து மணல் மூட்டை. விடியற்காலையில் ஹெப்பால் வழியாக நந்தி மலைக்குக் கிளம்பினோம், அண்ணன் ஓட்ட, பாய் பக்கத்தில், நான் மணல் மூட்டைகளோடு. தேவனஹள்ளி வரை ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முள் துள்ளிக்கொண்டிருந்தது. மலை ஏற ஆரம்பித்துக் கால்மணி நேரத்தில் அந்தத் துள்ளல் போய்விட்டது. மிதித்தால் முள் தூக்கக் கலக்கத்தில் எழுகிற மாதிரி எழுந்தது. உச்சியை நெருங்கும் ஒரு வளைவில் வண்டி நொண்டியது.

ஓரம் கட்டி, எஞ்சின் சூடு ஆறுவதற்குள் பாய் பானெட்டைத் திறந்து கையை விட்டார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

என் மீன்தொட்டி டியூப், டர்போவின் வெப்பத்தகட்டை ஒட்டிப் போகும் இடத்தில், வெயிலில் வாடிய கொத்தமல்லித் தண்டு மாதிரி துவண்டு தட்டையாகிக் கிடந்தது. கிழியவில்லை, ஓட்டையும் இல்லை. சூட்டில் இளகி, உள்ளே வேக்கம் இழுக்க இழுக்கச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேக்கம் பம்பில் இருக்கிறது, டர்போவுக்குப் போக வழி இல்லை. குளிர்ந்ததும் டியூப் ஓரளவு நிமிர்ந்துகொள்ளும், ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் சரியாக இருக்கும்.

"இதை யார் சார் போட்டது?"

நான் மலையைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பாய்க்குப் பதில் கிடைத்துவிட்டது.

"மீனுக்குப் போடறதுதானே இது? மீன் சூடாகாது சார்."

சிலிக்கான் ஹோஸ் போடலாமா என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். சுவர் மெலிந்த சிலிக்கானும் இதே மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஆயில் பட்டால் ஊறிவிடும், நூல் பின்னிய வேக்கம் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள் என்றார். சும்மா நின்ற நேரத்தில் ஸ்கேனரைச் சொருகி சாவியை மட்டும் போட்டார். பூஸ்ட் சென்சார் 85 காட்டியது. நந்தி மலை உச்சி 1,478 மீட்டர். ஊரில் 91, இங்கே 85, ஒரே சென்சார். "இதையும் ஒருத்தன் மாத்துவான்," என்றார்.

பாயின் பையில் எப்போதும் அரை மீட்டர் ஹோஸ் இருக்கும். மலையிலேயே மாற்றினார், வெப்பத்தகட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி டை போட்டுக் கட்டினார். இந்த முறை காசு வாங்க மறுத்துவிட்டார், அது அறுநூறு ரூபாயைவிட அதிகமாக உறுத்தியது. வீட்டுக்கு வந்து மிச்ச டியூப்பை மீன்தொட்டிப் பெட்டியில் போட்டேன். மகள் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "டீசல் நாத்தம் அடிக்குதுப்பா, மீனுக்கு வேணாம்," என்று குப்பையில் போட்டாள்.

அக்டோபரில் மறுபடி வேளாங்கண்ணி டிரிப் வந்தது. பாயிடம் கேஜை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பயணிகள் கோயிலுக்குப் போன நேரம், கடலோரம் பார்க்கிங்கில் பானெட்டைத் திறந்து, அண்ணன் ஸ்டார்ட் பண்ண, பம்பில் கேஜை வைத்தேன். முள் 24.5-ஐத் தாண்டி, 26-ஐத் தாண்டி, 27.5-ல் போய் நின்றது. சாவி மட்டும் போட்டு ஸ்கேனரில் பார்த்தால் 101. அதே பம்ப், அதே சென்சார். அண்ணன் இறங்கி வந்து முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காசு குடுத்து மாத்தியிருந்தா, மாத்தினதாலதான் ஏறுச்சுன்னு நெனச்சிருப்போம்ல தம்பி."

பானெட்டின் உள்பக்கம் பாய் வெள்ளைப் பெயின்ட் பேனாவில் 24.5 என்று எழுதி வைத்திருந்தார். அண்ணன் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் 'பெங்களூரு' என்று எழுதினார். கீழே 'மாதாகோயில் 27.5'. பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ராத்திரி சூளகிரியில நிறுத்தலாமா?"

"எதுக்குண்ணே?"

"டீக்கு மட்டும்தான்."